குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, தேநீரைச் சுவைத்து வருவது எப்படி

நீலகிரிக்கு வருகிறவர்களில் பலர் சாலையோரம் வண்டியை நிறுத்தி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது ஒரு பொட்டலம் தூள் வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு, பறித்த கொழுந்து எப்படித் தேயிலையாகிறது என்பதை நேரில் பார்க்கவும், அதைத் தயாராகும் ஊரிலேயே பாலும் சர்க்கரையும் கலக்காமல் குடித்துப் பார்க்கவும் ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊட்டியில் தொட்டபெட்டா சாலையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் குழந்தைகளோடு செல்வோருக்கு ஏற்றதுதான் என்றாலும், கோடைக்காலத்தில் அங்கே வரிசை நகரும் வேகத்தில் எதையும் நின்று பார்க்க முடிவதில்லை. குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு அருகிலுள்ள ஹைஃபீல்டு தொழிற்சாலை போன்ற இடங்களில் கூட்டம் குறைந்த நாளில் சென்றால், கேள்வி கேட்கவும் பதில் பெறவும் நேரம் கிடைக்கும். மற்ற எஸ்டேட் தொழிற்சாலைகளுக்குச் செல்ல விரும்பினால் முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போகிறோம் என்பதில்தான் பாதிப் பயன் அடங்கியிருக்கிறது. முதல்நாள் பறித்த பச்சைத் தேயிலை இரவு முழுவதும் வாடிய பிறகே இயந்திரத்துக்குப் போகும் என்பதால், காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் சென்றால் வேலை முழு வேகத்தில் நடப்பதைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான எஸ்டேட்டுகளில் பறிப்பு இல்லாததால், திங்கட்கிழமை பல தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும். அன்று செல்வதைத் தவிர்த்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியமானது. ஆகவே அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண்சரிவும், மலை ரயில் ரத்தாவதும் நேரக்கூடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலமே என் தேர்வு. இரவின் கடுங்குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் விளைச்சல் குறையும், ஆனால் மணம் செறிந்திருக்கும். நீலகிரியின் பெயர்பெற்ற பனிக்காலத் தேயிலை இந்த மாதங்களில் வருவதுதான்.

வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் (இணையவழி அனுமதிச்சீட்டு) எடுத்துக்கொண்டே மலையேற வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டம் முழுவதும் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் கையோடு இருக்கட்டும்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முதலில் வாட்டல் தொட்டிகளின் அருகே சற்று அதிக நேரம் நில்லுங்கள். நீளமான கம்பி வலைத் தொட்டிகளில் பச்சைத் தேயிலையைப் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றைச் செலுத்துவார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இப்படி வாடிய இலையை, அனுமதி கேட்டு ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். சரியாக வாடியிருந்தால் காம்பு ஒடியாது. கையைத் திறந்த பிறகும் இலை உருண்டையாகவே இருக்கும். வாடாத இலையோ உடனே பிரிந்து விரியும். அங்குள்ள மேற்பார்வையாளர்கள் இதைத் தொட்டே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த கட்டத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. நீலகிரியில் பெரும்பகுதி தயாராகும் சி.டி.சி. முறையில், பல் வைத்த உருளைகளுக்கு இடையே இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு சிறு மணிகளாக விழும். பாலோடு கொதிக்கவைத்துக் குடிக்கும் நம் வழக்கமான டீக்கு அதுவே பொருத்தம். ஆர்தடாக்ஸ் முறையில் இலையை முறுக்கி உருட்டுவதோடு நிறுத்திக்கொள்வதால், அதன் மணம் பெருமளவு காக்கப்படுகிறது. புவிசார் குறியீடு பெற்றிருப்பதும் நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைதான். எந்த முறையானாலும் நசுங்கிய இலையின் சாறு காற்றோடு சேர்ந்து, பச்சை நிறம் செம்பு நிறமாக மாறும் இடத்தைத் தவறவிடக் கூடாது. சற்று முன்புவரை வெட்டிய புல்லைப்போல மணந்த இலையில் பழுத்த பழத்தின் வாசனை எழுவதை அங்கேதான் உணர முடியும். அந்த மாற்றத்தைச் சரியான கணத்தில் நிறுத்துவது உலர்த்தியின் வெப்பக்காற்று. ஈரப்பதம் ஏறக்குறைய 3 சதவீதமாகக் குறைந்த பிறகு, தூளைச் சலித்து ரகம் பிரிப்பார்கள்.

சுவைக்கும்போது அவசரப்படாதீர்கள். சுவைப்புக்கான பன்னாட்டு முறைப்படி 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலையைப் போட்டு, மூடி, ஆறு நிமிடம் ஊறவிடுவார்கள். இது குறைகளைக் கண்டுபிடிப்பதற்கான கடுமையான முறை என்பதால், இன்பமாகக் குடிக்க விரும்புகிறவர்கள் மூன்று நிமிடத்திலேயே வடிகட்டிக்கொள்ளலாம். முதலில் ஊறிய இலையை மோந்து பார்த்துவிட்டு, பிறகு ஒரு வாய் தேநீரைக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். உறிஞ்சுவதில் கூச்சம் வேண்டாம். தொழில்முறைச் சுவைஞர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், நாக்கு முழுவதும் பரவி மூக்குவரை எட்டினால்தான் மணம் பிடிபடும். ஒரே நாளில் மூன்று நான்கு ரகங்களுக்கு மேல் போக வேண்டாம்.

தோட்ட விருந்தினர் இல்லங்களிலும் தேநீரகங்களிலும் மலையைப் பார்த்தபடி வெளியே அமர்ந்து குடிக்க இடம் உண்டு. தொழிற்சாலையைப் பார்த்த கையோடு போய், நண்பகலுக்கு முன்பே அந்த இருக்கையைப் பிடித்துவிடுங்கள், ஏனெனில் பல நாட்களில் பிற்பகலில் மேட்டுப்பாளையம் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி எதிரிலுள்ள மலையை மறைத்துவிடும். தெளிந்த காலையில் லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகளிலிருந்து கோவைச் சமவெளிவரை பார்க்கலாம். கோத்தகிரிப் பக்கம் போனால் கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு தெரியும். மலைக் காற்றில் கோப்பை சீக்கிரம் ஆறிவிடும் என்று வருந்த வேண்டியதில்லை. வேறு பல தேயிலைகளின் சாயம் ஆறியதும் கலங்கிவிடும். நல்ல நீலகிரித் தேநீர் ஆறிய பிறகும் தெளிவாகவே இருக்கும். ஐஸ் டீ தயாரிப்பாளர்கள் இதை விரும்பி வாங்குவது அதனால்தான். கோப்பையில் கால் பங்கை ஆறவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இருக்கையை விட்டு எழுந்து செடிகளுக்குள் நடக்க ஆசை வரும், ஆனால் அனுமதியின்றி இறங்க வேண்டாம். குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் காட்டெருமைகள் பகலிலேயே மேயும். அந்தி சாய்ந்தால் கரடியும் வரும். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். பறித்த எடைக்கு ஏற்பக் கூலி பெறும் வேலையில் அவர்களை நிறுத்தி வைப்பது சரியல்ல.

வாங்கும்போது சுவைத்துப் பிடித்த ரகத்தையே, பொட்டலமிட்ட தேதி பார்த்து வாங்குங்கள். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான இணையமான இண்ட்கோசர்வின் தேயிலையையும் கேட்டு வாங்குங்கள், அந்தப் பணம் இந்த மலையின் சிறு விவசாயிகளைச் சென்று சேர்கிறது. செயற்கைச் சாயம் கலந்ததோ என்ற ஐயம் இருந்தால், வடிதாளில் சிறிது தூளைத் தூவி நீர் தெளித்து, தூளை அகற்றி, தாளைக் குழாய்நீரில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாளில் கரும்பழுப்புக் கறை படிந்திருந்தால் அது கலப்படம். ஊர் திரும்பியதும் காற்றுப் புகாத டப்பாவில், மசாலாப் பொடிகளுக்கும் காப்பித்தூளுக்கும் எட்டத்தில் வையுங்கள், தேயிலை பக்கத்து வாசனையை விரைவில் இழுத்துக்கொள்ளும்.