கீழ்ப்பிரிவுக் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

பட்டம் வென்ற அணிகளின் வரலாற்றைப் பத்திரிகைகளும் சிறப்பு மலர்களும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டாம் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலும் ஆடி, ஓராண்டு ஏறி மறு ஆண்டு இறங்கி, வீரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கவே திணறிய கழகத்தின் கதையை அந்தந்த ஊர்க்காரர்தான் எழுதியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஆடிய, இப்போது கலைந்துபோன ஒரு கழகத்தைப் பற்றிய செய்திகளைக் காரைக்குடியில் இருந்துகொண்டு நான்கு ஆண்டுகளாகத் திரட்டிவருகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், கைகண்ட முறைகளை எழுதுகிறேன்.

முதலில் கோப்பைகளைத் தேடிப் போகாதீர்கள். கணக்குப் புத்தகங்களைத் தேடுங்கள். கோப்பை ஒரு நாளின் வெற்றியை மட்டும் சொல்லும், கணக்கோ தோற்ற நாட்களையும் சேர்த்துச் சொல்லும். செட்டிநாட்டில் இது எளிது, ஏனென்றால் இங்கே சங்கம் நடத்தியவர்களில் பலர் வட்டிக்கடைக் கணக்கில் பழகியவர்கள். பந்துக்குக் காற்றடித்த செலவைக்கூடக் குறிப்பில் (அன்றாடக் கணக்குப் புத்தகத்தில்) எழுதி, பேரேட்டில் (தலைப்புவாரிக் கணக்கில்) ஏற்றி, ஆண்டு முடிவில் இருபக்கமும் சமன்பட ஐந்தொகை போட்டு வைத்தார்கள். அத்தகைய புத்தகங்கள் பொருளாளராக இருந்தவரின் வீட்டில், இரண்டாம் கட்டை (உள்முற்றப் பகுதியை) அடுத்த அறையில், பெரும்பாலும் திருமண மொய் நோட்டுகளோடு ஒன்றாகக் கட்டிக்கிடக்கும். கேட்கும்போது ‘கால்பந்துச் சங்கத்துக் கணக்கு’ என்று கேட்காமல், ‘ஐயாவுடைய பழைய நோட்டுக்கட்டு’ என்று கேட்டால் வீட்டிலுள்ள ஆச்சிக்கு உடனே நினைவு வரும்.

அந்தக் கணக்கைப் படிக்கச் சில பயிற்சிகள் தேவை. பழைய பக்கங்களில் ஆங்கில ஆண்டு இராது. தமிழ் வருஷப் பெயரும் மாதமும் மட்டும் இருக்கும். நான் பார்த்த ஒரு நோட்டில் ‘ஜய வருஷம் மாசி மாதம், பிளாடர் 1, பந்து தைத்த கூலி 0–6–0’ என்று ஒரு வரி இருந்தது. ஜய வருஷம் 1954 சித்திரையில் பிறந்தது. மாசி அதன் பதினோராம் மாதமாதலால் அந்தச் செலவு 1955 பிப்ரவரியிலோ மார்ச்சிலோ நடந்தது. வருஷத்தின் பெயரைப் பார்த்தவுடன் 1954 என்று எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அதே பெயர் 2014இலும் வந்தது என்பதால் தாளையும் மையையும் நாணயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே கண்ட 0–6–0 என்பது ஆறு அணா. நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. அணாவில் எழுதிய பக்கம் பெரும்பாலும் அதற்கு முந்தியதாகவே இருக்கும்.

செலவு வரிகளே ஆட்டத்தின் வரலாற்றையும் சொல்லும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்ற பிறகே பூட்ஸ் அணிவதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது. உங்கள் கழகத்தின் கணக்கில் பூட்ஸ் வாங்கிய முதல் வரி எந்த மாதத்தில் வருகிறது என்று தேடுங்கள். அதைவிட முக்கியமாக, ‘பஸ் சத்தம்’ (பஸ் கட்டணம்), ‘காப்பி பலகாரம்’ என்று மட்டும் இருந்த பத்தியில் ஒரு வீரரின் பெயரும் அதற்கு எதிரே மாதந்தோறும் ஒரே தொகையும் வரத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கழகம் தொழில்முறைக் கழகமாக மாறிய நாள் அதுதான். ஆண்டறிக்கை வேறொரு நாளைச் சொன்னாலும் நான் பேரேட்டையே நம்புவேன்.

அடுத்து, ஆண்டுவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள்: ஆடிய பிரிவு, ஆட்டங்கள், வெற்றி, சமன், தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், புள்ளி, இடம். பழைய நாளிதழ்களில் லீக் பட்டியல்கள் அச்சுப்பிழையோடுதான் வரும். அவற்றைச் சரிபார்க்க ஐந்தொகை முறையே போதும். ஒரு பிரிவின் எல்லா அணிகளும் அடித்த கோல்களின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வெற்றிகளின் கூட்டுத்தொகை தோல்விகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். பத்து அணிகள் தமக்குள் ஒருமுறை மோதினால் ஆட்டங்கள் 45. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஆளுக்கு ஒன்று என்ற பழைய முறையில் மொத்தப் புள்ளிகள் 90 வர வேண்டும். வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற முறையில், 12 ஆட்டங்கள் சமனில் முடிந்திருந்தால், 135இல் 12 போக 123 வரும். இங்கிலாந்தில் மூன்று புள்ளி முறை 1981இல் வந்தது. உங்கள் லீக் எந்த ஆண்டில் மாறியது என்பதை எவரும் எழுதி வைக்காவிட்டாலும் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும். கூட்டல் ஒத்துவராத ஆண்டில் ஓர் அணி பாதியில் விலகியதா, யாருக்காவது புள்ளி வெட்டப்பட்டதா என்று தேடுங்கள். பட்டியலைத் திருத்தி ஒத்துவரச் செய்யும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஸ்டான்லி. கடன் சுமையால் அந்தக் கழகம் 1962 மார்ச்சில், 33 ஆட்டங்கள் ஆடிய நிலையில், நான்காம் பிரிவிலிருந்து விலகியது. அந்த ஆட்டங்களின் முடிவுகள் அனைத்தும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கிய ஆட்டங்களும் நடந்த ஆட்டங்கள்தாம் என்பதால் வரலாற்றில் அவற்றுக்கு இடம் உண்டு. தனிப் பத்தியில் எழுதுங்கள். பழைய கழகம் 1966இல் மூடப்பட, இப்போதுள்ள கழகம் அதே பெயரில் 1968இல் தொடங்கி, 2006இல்தான் லீக்குக்குத் திரும்பியது. 1962இல் காலியான இடத்தைப் பெற்ற ஆக்ஸ்போர்டு யுனைட்டெட், 2006இல் அக்ரிங்டன் ஏறிய அதே பருவத்தில் லீக்கைவிட்டு இறங்கியது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே கழகமும் ஒன்றாகிவிடாது. அறுந்து மீண்டும் தொடங்கிய இடத்தைத் தேதியோடு காட்ட வேண்டும்.

தொடங்கிய ஆண்டைப் பற்றி நானே ஒரு பிழை செய்தேன். வெள்ளிவிழா அழைப்பிதழை மட்டும் நம்பி ஓர் ஆண்டை எழுதி ஒரு மலருக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு கிடைத்த குறிப்பில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சந்தா வரவு இருந்தது. அழைப்பிதழ் சொன்னது பதிவு செய்த ஆண்டு. ஆகவே கூடி ஆடத் தொடங்கிய ஆண்டு, பதிவான ஆண்டு, லீக்கில் சேர்ந்த ஆண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். பதிவு விவரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு முந்திய சங்கங்கள் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவானவை.

நாளிதழ்களில் தேடும்போது மாவட்டப் பெயரில் கவனம் தேவை. காரைக்குடியும் தேவகோட்டையும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. செட்டிநாட்டின் வடபகுதி ஊர்கள் சில புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தன, அது 1948இல் இந்தியாவோடு இணைந்தது. ‘இராமநாதபுரம் மாவட்ட அணி’ என்ற தலைப்பைக் கடற்கரை ஊர்களின் செய்தி என்று எண்ணித் தள்ளிவிட்டால் பாதி வரலாறு போய்விடும். பிரிவுகளின் பெயர்களும் இப்படியே மாறியவை. தேசியக் கால்பந்து லீக் 1996இலும் ஐ-லீக் 2007இலும் தொடங்கின. 2022–23 பருவத்தில் ஐ-லீக்கை வெல்லும் அணி ஐஎஸ்எல்லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்குக்கு) ஏறும் முறை வந்தது, ஆகவே அதுவரை இரண்டாம் நிலையாக இருந்த ஐ-லீக் இரண்டாம் பிரிவு மூன்றாம் நிலையாகிவிட்டது. ‘இரண்டாம் பிரிவில் ஆடினோம்’ என்று ஒருவர் சொன்னால், மாவட்ட லீக்கிலா, மாநில அளவிலா, தேசிய அளவிலா, எந்த ஆண்டில் என்று கேட்ட பின்பே எழுதுங்கள்.

குழுப் படங்களுக்குத் தனி நிதானம் வேண்டும். நடுவில் அமர்ந்திருப்பவரின் காலடியில் உள்ள பந்தில் சுண்ணாம்பால் ஆண்டு எழுதியிருக்கும், உருப்பெருக்கியால் பாருங்கள். சட்டத்தைக் கழற்றாதீர்கள், கண்ணாடியோடு ஒட்டிய படம் உரிந்துவிடும். ஒளி படாத கோணத்தில் கைப்பேசியில் எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் எண் இட்டு அச்செடுங்கள். அந்த அச்சை மூன்று பெரியவர்களிடம் தனித்தனியாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். ஒரே திண்ணையில் மூவரையும் உட்காரவைத்தால் குரல் ஓங்கியவரின் நினைவே மூவரின் நினைவாகிவிடும். இருவர் ஒத்துச் சொன்ன பெயரை மையாலும், ஒருவர் மட்டும் சொன்னதைப் பென்சிலாலும் எழுதுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் அவ்வப்போது போய்வாருங்கள். வீடு இடிபடும்போது தூண்களோடும் எனாமல் தூக்குகளோடும் கழகத்தின் சுழற்கோப்பையும் அங்கே வந்துசேரும். விலைக்கு வாங்க இயலாவிட்டாலும் அடிப்பீடத்தைச் சுற்றிய தகடுகளில் உள்ள பெயர்களைப் படமெடுக்கக் கடைக்காரர்கள் தடுப்பதில்லை.

துண்டறிக்கை, நுழைவுச்சீட்டு, ஆட்ட அறிவிப்புச் சுவரொட்டி எதையும் சிறிதென்று விடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்ட அழைப்பிதழ்களையும் விளம்பரத் தாள்களையும் நூல்களோடு சேர்த்து வைத்ததால்தான், அவர் மறைவுக்குப் பின் அந்தத் தொகுப்பைக் கொண்டு சென்னையில் 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது.

எழுதி முடித்ததும் அட்டவணையையும் படங்களையும் பென்சில் குறிப்புகளோடு அப்படியே மூன்று படிகள் எடுத்து, ஒன்றை ஊர் நூலகத்திலும், ஒன்றைப் பழைய வீரர் ஒருவரின் வீட்டிலும், ஒன்றை வெளியூர் நூலகத்திலும் கொடுத்து வையுங்கள். பெயர் தெரியாத முகத்துக்கு எதிரே எண்ணை மட்டும் இட்டு, ஒரு வரி எழுத இடம் விடுங்கள்.