அறிவியல் புனைவு அத்தியாயத்தின் பின்னணியை ஆராய்வது எப்படி: டிரிபிள்களை வைத்து ஒரு பயிற்சி

பள்ளி விடுமுறைக்கு யீஷூனில் உள்ள எங்கள் வீவக வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் பழைய அத்தியாயம் ஒன்றைப் பார்த்து முடித்ததும், "மாமா, இந்தக் கிளிங்கான்களுக்கு நெற்றியில் மேடே இல்லையே, ஒப்பனை போட மறந்துவிட்டார்களா?" என்று கேட்டான். கிளிங்கான்கள் அந்தத் தொடரில் வரும் வேற்றுக்கிரக இனத்தவர்; பிற்காலக் கதைகளில் அவர்களுக்கு நெற்றியில் மேடு இருக்கும். அவனுக்கு விடை சொல்ல நான் கையாண்ட முறையையே, இத்தகைய ஆராய்ச்சிக்குப் புதியவர்களும் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு அத்தியாயங்களும்தான். முதலாவது, 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான 'தி டிரபுள் வித் டிரிபிள்ஸ்'; டிரிபிள் என்பது அதில் வரும், வேகமாகப் பெருகும் கற்பனை விலங்கு. இரண்டாவது, ஸ்டார் டிரெக்கின் பிற்காலத் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்'-இல் 1996 நவம்பர் 4 அன்று வந்த 'டிரயல்ஸ் அண்ட் டிரிபுலேஷன்ஸ்'. அதில் பிற்காலக் கதைமாந்தர் காலத்தில் பின்னோக்கிச் சென்று, முதல் அத்தியாயத்தின் காட்சிகளுக்குள்ளேயே நடமாடுகிறார்கள். பழைய அரங்கின் சில பகுதிகளை மீண்டும் கட்டி, புதிய நடிகர்களைப் பழைய படச்சுருளோடு கணினி வழியாக இணைத்திருக்கிறார்கள் என்பதால், ஒப்பிட்டுப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இணையை நான் கண்டதில்லை.

படி 1: முதல் முறை எங்கும் நிறுத்தாமல் பாருங்கள். கதை தெரியாமல் பிழை தேடுவது வீண் வேலை.

படி 2: இரண்டாம் முறை பார்க்கும்போது, நோட்டில் 'படப்பிடிப்பு', 'கதை', 'பிற்காலத் திருத்தம்' என்று மூன்று கட்டங்கள் வரைந்து, கண்ணில் படும் ஒவ்வொன்றையும் அது வரும் நிமிடத்தோடு உரிய கட்டத்தில் எழுதுங்கள். ஒரே காட்சியின் துண்டுகளைக்கூட வரிசைப்படி எடுப்பதில்லை என்பதால், சென்ற துண்டில் பாதி காலியாகியிருந்த தேநீர்க் குவளை அடுத்த துண்டில் நிறைந்திருப்பதை நம் தமிழ் நாடகங்களிலும் பார்த்திருப்பீர்கள். கன்டினியூட்டி பிழை எனப்படும் அது முதல் கட்டத்துக்கு உரியது. அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் பிழைப் பட்டியல் போடலாமே தவிர, ஒரு தொடர் தன் பழைய பிழையை என்ன செய்கிறது என்பதைக் காணமாட்டார்கள்.

படி 3: தானியக் கிடங்குக் காட்சிக்கு வாருங்கள். கேப்டன் கர்க் தலைக்கு மேலிருக்கும் கதவைத் திறக்க, உரோமம் அடர்ந்த டிரிபிள்கள் (பெரிய ரம்புத்தான் பழங்களை நினைத்துக்கொள்ளுங்கள்) அவர்மீது குவியலாகக் கொட்டுகின்றன. குவியல் கொட்டி ஓய்ந்த பிறகும், அவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒவ்வொன்றாக அவர் தலையில் விழுந்துகொண்டே இருக்கும். படக்குழுவினர் மேலே மறைவாக இருந்து கையால் எறிந்ததுதான் காரணம். இதை 'படப்பிடிப்பு' என்று எழுதுங்கள். இப்போது 1996 அத்தியாயத்தில் அதே இடத்தைப் பாருங்கள். ஒரு டிரிபிளுக்குள் மறைத்து வைக்கப்பட்ட வெடிகுண்டைத் தேடி, பிற்காலத்திலிருந்து வந்த சிஸ்கோவும் டாக்ஸும் கிடங்குக்குள் அமர்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியே வீசுகிறார்கள். அவைதான் கர்க்கின் தலையில் விழுகின்றனவாம்! அரங்கத் தொழிலாளியின் கைவேலை, 29 ஆண்டுகள் கழித்துக் கதையின் நிகழ்ச்சியாகிவிட்டது. முதல் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள்.

படி 4: எண் ஏதேனும் சொல்லப்பட்டால் கணக்கிட்டுப் பாருங்கள். கிடங்கில் 1,771,561 டிரிபிள்கள் இருப்பதாகக் கர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் சொல்கிறார். ஒன்றில் தொடங்கி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் சராசரியாகப் பத்துக் குட்டிகள் ஈனுவதாக, மூன்று நாளுக்கு அவர் போட்ட கணக்கு அது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை 11 மடங்காகும். மூன்று நாளுக்கு ஆறு சுற்றுகள். 11-ஐ ஆறு முறை பெருக்கினால் அதே எண் வருகிறது. எழுத்தாளர் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். அக்கா மகன் கைபேசியை எடுத்துச் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொண்டான்.

படி 5: இனி நெற்றிக்கு வருவோம். 1967-இல் கிளிங்கான்களுக்கு எளிய ஒப்பனைதான். 1979-இல் வந்த முதல் திரைப்படத்தில்தான் நெற்றி மேடு தோன்றியது, அது அப்படியே நிலைத்துவிட்டது. ஒப்பனை வளர்ந்தது என்று ஏற்றுக்கொண்டிருந்தால் சிக்கல் இல்லை. ஆனால், டிரிபிள் கதையில் கோலோத் என்ற கிளிங்கான் தலைவராக நடித்த வில்லியம் கேம்ப்பெல், 1994-இல் 'பிளட் ஓத்' அத்தியாயத்தில் அதே கோலோத்தாக நெற்றி மேட்டோடு வந்து நின்றார். ஒரே ஆள், இரண்டு நெற்றி. 1996-இல் பழைய கிளிங்கான்களை நேரில் கண்ட தோழர்கள், தங்களோடு வந்த கிளிங்கானான வோர்ஃபிடம் விளக்கம் கேட்க, அதைப் பற்றி வெளியாரிடம் நாங்கள் பேசுவதில்லை என்று அவர் முடித்துக்கொள்கிறார். முரண்பாட்டை மறைக்காமல் ஒரே வரியில் சிரிக்க வைத்துவிட்டுக் கடந்துபோன அந்த இடமே என் கணிப்பில் மிகச் சிறந்த திருத்தம். 2005-இல் 'எண்டர்பிரைஸ்' என்ற மற்றொரு ஸ்டார் டிரெக் தொடரோ இரண்டு அத்தியாயங்களைச் செலவிட்டு, மரபணு ஆய்வு ஒன்றிலிருந்து கிளம்பிய கிருமிதான் நெற்றி மேட்டைக் கரைத்தது என்று விளக்கியது. விளக்கம் பொருந்துகிறது, சிரிப்புதான் போய்விட்டது.

படி 6: பெயர்களையும் கூட்டத்தில் நிற்கும் முகங்களையும் கவனியுங்கள். 1996 அத்தியாயத்தில் விசாரணைக்கு வரும் இரு அதிகாரிகளான டல்மர், லக்ஸ்லி ஆகியோரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால், 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் மல்டர், ஸ்கல்லி கிடைப்பார்கள். முதல் கதையை எழுதிய டேவிட் ஜெரோல்ட், கப்பல் ஊழியர்களில் ஒருவராகத் தலைகாட்டுகிறார். ஒற்றன் டார்வினாக இரண்டிலும் வருபவர் ஒரே நடிகர், சார்லி பிரில்.

மறுநாள் அவன் நோட்டைப் பார்த்தேன். கோலோத்தின் பெயரை மூன்று கட்டங்களிலும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். கிருமி கரைத்த மேடு 1994 அத்தியாயத்துக்குள் எப்படித் திரும்பி வந்தது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.