கோல்ஃபில் ஒரு ஹோலுக்கு 9 அடி போட்டுவிட்டீர்களா? அடுத்த டீக்கு இப்படிப் போங்கள்

ஓசூரில் ஷிஃப்ட் வேலை, ஞாயிறு விடியும்போது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வெயில் ஏறுவதற்குள் ஒரு ரவுண்டு கோல்ஃப், 18 ஹோல், முடித்துவிட வேண்டும் என்று ஆடுகிற ஆள் நான். கோர்ஸ் ஹேண்டிகேப் 18, அதாவது என் தரத்துக்கு ஒரு ரவுண்டில் கிடைக்கும் சலுகை அடிகள், ஹோலுக்கு ஒன்று. ஸ்விங் பற்றி எனக்குப் பாடம் எடுக்கத் தெரியாது, ஆனால் ஆட்டம் கெட்ட பிறகு அதை இன்னும் கெடுத்துக்கொள்வது எப்படி என்று நன்றாகவே தெரியும்.

போன ஆடியில் ஒரு நாள். முதல் ஐந்து ஹோல் அருமையாகப் போனது. ஆறாவது பார் 4, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல், காற்று நேர் எதிரே. அம்மியே பறக்கும் காற்றில் 46 கிராம் பந்து எம்மாத்திரம்? வேலியைத் தாண்டி மாந்தோப்புக்குள் போய் விழுந்தது. அபராதத்தோடு டீயிலிருந்து (ஹோல் தொடங்கும் இடம்) மறுபடி அடித்தேன், அது பாறை ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது, வீம்புக்கு அதை அங்கிருந்தே கிளப்பப் பார்த்து, கடைசியில் 9. சரி, போகட்டும். ஆனால் உண்மையில் அன்றைய ரவுண்டைக் கெடுத்தது அந்த 9 இல்லை, அதை உடனே மீட்டுவிட வேண்டும் என்று டிரைவர் என்ற நீளமான கிளப்பை (மட்டையை) முரட்டுத்தனமாக வீசின அடுத்த மூன்று ஹோல்கள்தான்.

தொப்பூர் கணவாயில் லோடு லாரி இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவார்கள், ஏனென்றால் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, வேண்டிய இடத்தில் பிடிக்காது. 'கோபப்படாதே, கோபப்படாதே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பதும் அப்படி வெறும் பிரேக்கை மிதிக்கிற வேலைதான், எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

அதனால் முதலில் நடையைக் குறையுங்கள். தப்பாக அடித்ததும் கால் தானாக வேகமெடுக்கும், கவனித்துப் பாருங்கள், பந்திடம் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நிற்போம். கையுறையைக் கழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். திட்ட வேண்டுமா, திட்டுங்கள், ஆனால் கிளப்பைப் பைக்குள் போடும் வரைக்கும்தான். கிளப்பை வீசி எறிவது மட்டும் வேண்டாம், பக்கத்தில் பை தூக்க வரும் கேடி அண்ணன் நிற்கிறார், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பந்து தொலைந்தால் தேட 3 நிமிடம்தான், 2019லிருந்து விதி அப்படி. சந்தேகம் இருந்தால் டீயிலேயே புரொவிஷனல் பந்து, அதாவது முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட இன்னொன்று, அடித்துவிட்டுப் போங்கள், பாதிப் பதற்றம் அங்கேயே தீர்ந்துவிடும். பாறை இடுக்கிலோ புதரிலோ மாட்டிக்கொண்டால் ஆட முடியாது என்று அறிவித்து ஓர் அடி அபராதம் வாங்கிக்கொள்ளுங்கள்: இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்குக் கிட்டே போகாமல் பந்தைக் கையிலிருந்து விழவிட்டு (டிராப்) ஆடலாம், அல்லது கொடியும் பந்தும் இருக்கிற அதே கோட்டில் பின்னால் போகலாம், அதுவும் இல்லையென்றால் பழைய இடத்திலிருந்தே திரும்ப அடிக்கலாம். ஒன்றுக்கு அழுதால் மூன்று மிச்சம். நான் அன்று பாறையிடம் செய்யாதது இதைத்தான்.

அடுத்த டீயில் டிரைவரை எடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நேராக அடிக்க வருகிற கிளப் எதுவோ, எனக்கு 7 அயர்ன் என்கிற நடுத்தர கிளப், அதை எடுத்து ஃபேர்வேயில், புல் வெட்டின நடுப்பாதையில், போடுங்கள். தூரம் குறையும், குறையட்டுமே.

அப்புறம் கணக்கு. போட்டியில் 9 என்றால் 9தான், ஆனால் ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு உண்டு: டபுள் போகியோடு (பாருக்கு ஒன்று கூட அடித்தால் போகி, இரண்டு கூட என்றால் டபுள் போகி) அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பார் 4இல் அது 7. அதற்கு மேலே போனதெல்லாம் ஹேண்டிகேப்பைத் தொடாது. ஹேண்டிகேப்பே கடைசி 20 ரவுண்டில் நல்ல 8 ரவுண்டை எடுத்துத்தான் போடுகிறார்கள், ஒரு மோசமான ஞாயிறுக்கு அங்கே இடமே இல்லாமல் போகலாம். இது தெரிந்த பிறகு எனக்குப் பாதிக் கோபம் வருவதில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் 2020 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அமெரிக்க வீரர் டைகர் உட்ஸ் ஆடினதை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய வருட சாம்பியன், 12ஆவது ஹோல், வெறும் பார் 3, மூன்று பந்து தண்ணீருக்குள் போய் 10 அடித்தார். ஜெயிக்க வழியே இல்லாத நிலையில் மிச்சம் இருந்த ஆறு ஹோலில் ஐந்து பேர்டி, அதாவது பாருக்கு ஒன்று குறைவு.

வயிற்றையும் மறக்காதீர்கள். வெறும் காபியோடு வந்து பத்தாவது ஹோலில் வருகிற எரிச்சலுக்கு ஸ்விங்கைக் குறை சொல்லி என்ன பயன், பையில் இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் கடலைமிட்டாயும் போட்டுக்கொள்ளுங்கள். கூட ஆடுகிற நண்பர் நடுவில் "தோளைத் திருப்பு மச்சான்" என்று தொடங்கினால், "முடிஞ்சப்புறம் டீக்கடைல சொல்லுடா" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடுங்கள். ஸ்கோர் கார்டில் எண்ணை எழுதுங்கள், நடுவில் கூட்டிப் பார்க்காதீர்கள்.

போன வாரம் அதே ஆறாவதில் எனக்கு மறுபடியும் மாந்தோப்புதான். கேடி அண்ணன் ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், "மெதுவா வாங்க சார்" என்று முன்னால் நடந்தார். அந்த ஹோலில் 8. ஏழாவதில் 7 அயர்ன், போகி.