"டீம் லீடர் யாரு?" என்று முதலில் கேட்காதீர்கள்

கல்லூரி மாணவர்களைப் பிராஜெக்டுக்கு நாலு நாலு பேராகப் பிரித்து உட்காரவைத்ததும் ஆசிரியர்களான நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நன்றாக மார்க் வாங்குபவரோ சத்தமாகப் பேசுபவரோ கை தூக்குவார், மற்ற மூவரும் அந்த நொடியே ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தலைமை என்றால் யாரோ ஒருவரின் பதவி என்ற எண்ணத்தோடுதான் மாணவர்கள் ஏற்கெனவே வருகிறார்கள். பள்ளியில் கிளாஸ் லீடர் என்றால் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதுபவர், அவ்வளவுதான். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சூசன் கோமிவ்ஸ் குழுவினர் 13 மாணவர்களிடம் விரிவாகப் பேசி 2005-இல் வெளியிட்ட ஆய்வு, தலைமை பற்றிய புரிதல் ஆறு கட்டங்களாக வளர்வதைக் காட்டுகிறது. மூன்றாவது கட்டம்வரை தலைமை என்றால் பதவி. பதவி இல்லாதவரும் தலைமை ஏற்கலாம், அது குழுவுக்குள் பலர் சேர்ந்து நடத்துவது என்பது நான்காவதில்தான் பிடிபடுகிறது. நம் கேள்வி அவர்களை மூன்றிலேயே நிறுத்திவைக்கிறது.

அதற்காக லீடரே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தவறு. முதலாண்டுக் குழுவை அப்படி விட்டால் ரிப்போர்ட் முழுவதும் யாரோ ஒரு பெண்ணின் தலையில்தான் விழும், "அவ எழுத்து அழகா இருக்கும்" என்று காரணமும் சொல்வார்கள். பிராஜெக்டின் நடுவே வேலையைப் பார்வையிடும் ஒவ்வொரு ரெவ்யூவுக்கும் பொறுப்பை மாற்றிக் கொடுங்கள்.

"தலைமைப் பண்புகள் பத்தினை எழுதுக" என்று தேர்வில் கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம். ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்குகிறார்கள், விடியற்காலையில் எழுந்து சமையலைப் பார்க்கிறார்கள், ஊர்ப் பெரியவரிடம் பேசி இடம் வாங்குகிறார்கள், சண்டை போட்டவர்களைச் சேர்த்துவைக்கிறார்கள். திரும்பி வந்ததும் போட்டோ, அறிக்கை, சான்றிதழ், முடிந்தது. அப்படிச் சண்டையைத் தீர்த்துவைத்த ஒரு மாணவனிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "நான் லீடர் இல்ல மேம், சும்மா பேசினேன்" என்றான். அவன் செய்ததற்கு என்ன பெயர் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. முகாம் முடிந்த அடுத்த வாரம் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து, யார் எதைப் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர்களையே பேசவைத்திருந்தால் போதும்.

அப்புறம் வைவா, அதாவது பிராஜெக்ட் முடிவில் நடக்கும் வாய்மொழித் தேர்வு. பிபிடி காட்டுபவரிடம் மட்டும் கேள்வி கேட்காமல், ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள்: "உங்க குழுவுல யாரு என்ன செய்யாம இருந்திருந்தா இந்த வேலை நின்னிருக்கும்?" பதில் சொல்லக் கொஞ்சம் திணறுவார்கள். பரவாயில்லை, காத்திருங்கள்.