நீர்க்கடுப்புக்குக் கிரான்பெரி: எதை வாங்குவது, எப்படிக் காய்ச்சுவது, யாருக்கு வேண்டாம்

பெங்களூரில் கிரான்பெரி என்று கேட்டால் மூன்று விதமான சரக்கு கைக்கு வரும். டிரை ஃப்ரூட் கடையில் சுருங்கிய சிவப்புத் துண்டு, சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் உறைந்த பழம், சில இடங்களில் ‘இண்டியன் கிரான்பெரி’ என்ற பெயரில் நம்ம களாக்காய். மருந்துக்காக வாங்குபவர் இந்த வித்தியாசம் தெரியாமல் காசைக் கொடுத்துவிடக் கூடாது.

படி 1: எதற்காக என்று முடிவு செய்யுங்கள்

இதயம், தோல், எடை என்று பாக்கெட்டில் என்ன அச்சடித்திருந்தாலும், ஓரளவு உறுதியான ஆதாரம் ஒரே விஷயத்துக்குத்தான் இருக்கிறது: அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று மறுபடி வராமல் தடுப்பது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது வருடத்தில் மூன்று தடவை வந்தால் அது ‘அடிக்கடி’. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இப்படி அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஆபத்து சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. குழந்தைகளுக்குப் பாதிக்கும் மேல். கர்ப்பிணிகளுக்கும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதவர்களுக்கும் பலன் தெரியவில்லை.

பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை கிருமியின் மேல் முடி போன்ற இழைகள் உண்டு. அவற்றை வைத்துத்தான் அது சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. கிரான்பெரியில் இருக்கும் ஏ வகைப் புரோஆந்தோசயனிடின், சுருக்கமாகப் பிஏசி, அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. பிடி கிடைக்காத கிருமி சிறுநீரோடு வெளியே போய்விடும். கவனியுங்கள், கிருமி சாகவில்லை. அதனால் எரிச்சல் ஆரம்பித்த பிறகு டம்ளர் டம்ளராகக் குடித்தும் பயனில்லை. டாக்டரிடம் போய், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, எந்தக் கிருமி என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி, சிறுநீரில் ரத்தம் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று. மாரத்தஹள்ளியில் பஸ் ஏறி சில்க் போர்டு தாண்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காதவர்கள் இங்கே நிறைய. குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. கிரான்பெரியைவிட மலிவு.

படி 2: யாருக்கு வேண்டாம்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும் கிரான்பெரி மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

படி 3: வாங்குவது

உலர்ந்த துண்டு பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியது. 100 கிராமில் சுமார் 70 கிராம் சர்க்கரை. பச்சைப் பழத்திலோ 4 கிராம்தான். பாயசத்தில் போடலாம், மருந்து என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

களாக்காய் வேறு குடும்பம். நறுக்கினால் கத்தியில் வெள்ளைப் பால் பிசுபிசுவென்று ஒட்டும். கிரான்பெரியில் பால் வராது. பேக்கரி கேக் மேல் இருக்கும் ‘செர்ரி’ பல நேரம் இதே களாக்காய்தான். ஊறுகாய்க்கு அருமை. சிறுநீர்த் தொற்று ஆய்வுகள் இதை வைத்து நடந்தவை அல்ல.

மாத்திரை என்றால் முன்பக்க எழுத்தை நம்பாமல் பின்பக்கம் பாருங்கள். ‘கிரான்பெரி 500 மி.கி.’ என்பது பொடியின் எடை. பல ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 36 மி.கி. பிஏசி. பிஏசி அளவே போடாத டப்பாவை வைத்துவிட்டு வாருங்கள். டி-மேனோஸ் என்ற சர்க்கரை கலந்த பவுடருக்குக் கூடுதல் விலை தர வேண்டாம். பிரிட்டனில் 598 பெண்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட சோதனையில் அதனால் தொற்று குறையவில்லை.

ஜூஸ் டப்பாவில் பழச்சாறு எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல், ஆதாரம் குறைவுதான் என்ற குறிப்போடு, சிறுநீர்த் தொற்று மறுபடி வரும் ஆபத்தைக் குறைக்கலாம் என்று டப்பாவில் போட அனுமதித்த வாசகம் 27 சதவீதச் சாறுள்ள பானத்துக்கு, நாளுக்கு 240 மி.லி.

படி 4: காய்ச்சுவது

உறைந்த பழம் 100 கிராம், தண்ணீர் 400 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. எவர்சில்வர் பாத்திரம்தான்; அலுமினியமும் பித்தளையும் இந்தப் புளிப்புக்கு ஆகாது.

தண்ணீர் கொதித்ததும் பழத்தை உறைந்தபடியே போட்டு, பாதி மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் கடுகு வெடிப்பதுபோல் பட் பட்டென்று கேட்கும். பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் நான்கு காற்றறைகள் தெரியும். அந்தக் காற்று விரிந்துதான் தோல் கிழிகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம் வயலில் நீரைக் கட்டி, மிதக்கும் பழங்களை அள்ளுவதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

6 முதல் 8 நிமிடம் போதும். கரண்டியால் லேசாக மசித்து, தானாக வடியவிடுங்கள். அதிகம் கொதிக்கவிட்டாலோ சக்கையை அழுத்திப் பிழிந்தாலோ, பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற கெட்டியாக்கும் பொருள் இறங்கி, ஆறியதும் ஜெல்லி மாதிரி கட்டிவிடும். கட்டினால் வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். வெல்லம் போட்டால் நிறம் மங்கும், ருசி குறையாது. பாலில் கலந்தால் திரிந்துவிடும்.

இந்தச் சாற்றில் பிஏசி எவ்வளவு என்று வீட்டில் அளக்க முடியாது. கணக்காக எடுக்க வேண்டியவர்களுக்கு மாத்திரைதான் வழி. குடித்ததும் வாய் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் பல் தேய்க்க வேண்டாம், அமிலம் எனாமலை இளக்கியிருக்கும்.

கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மீந்த சக்கையை நல்லெண்ணெய், கடுகு, மிளகாய்த்தூள், பெருங்காயம் சேர்த்துச் சுருள வதக்கினால் தயிர்சாதத்துக்குத் தொக்கு.