ஆடும் நாற்காலியைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும்

நாற்காலி ஆட ஆரம்பித்ததும் இணைப்பின் வாயில் கொஞ்சம் பசையைப் பிழிந்து, மேலே ஓர் ஆணியும் அடித்துவிடுவார்கள். சில மாதம் தாங்கினாலே பெரிது. உள்ளே பழைய பசை மரத்தை மூடிக்கொண்டிருப்பதால் புதுப் பசை மரத்தைத் தொடுவதே இல்லை. மரமோ ஈரக்காற்றில் உப்பும், வறண்டால் சுருங்கும். ஆணி அப்படி அசையாது. அதனால் தன் துளையைத் தானே பெரிதாக்கி, கடைசியில் கழுந்தை (துளைக்குள் நுழையும் மர முனையை) பிளந்துவிடும்.

நாற்காலியின் காலை ஒரு கையாலும் சட்டத்தை மறு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த இணைப்பில் கோடு திறந்து மூடும். உறுதியாக இருப்பவற்றைத் தொட வேண்டாம். வலிந்து கழற்றினால் கழுந்து உள்ளேயே முறியும்.

ஒவ்வொரு துண்டிலும் எது இடது, எது முன் என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டு, ஆணி, திருகாணி எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். ஒன்று மறைந்திருந்தாலும் தட்டும்போது மரம் பிளக்கும். பிறகு ரப்பர் சுத்தியலால் இணைப்புக்கு அருகில் தட்டுங்கள். வராவிட்டால் வெதுவெதுப்பான வினிகரை ஊசிக்குழலால் கோட்டில் இறக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி தட்டுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை. பழைய பசை பழுப்பாக, கண்ணாடிபோல நொறுங்கினால், ஈர விரலில் பிசுபிசுத்தால், அது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ரம், வெந்நீரில் கரையும். ரப்பர் போல இழுபட்டு, நனைத்தால் பால்போல வெளுத்தால், மரவேலைக்கான வெள்ளைப் பசை (பி.வி.ஏ.). சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உளியைச் செங்குத்தாகப் பிடித்து, மரத்தைச் சீவாமல் பசையை மட்டும் சுரண்டுங்கள். உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கழுந்து மெலியும், விளிம்பு உருளும். ஒட்ட வந்தவரே இணைப்பைத் தளர்த்திய கதைதான். நனைத்த மரம் ஒரு நாள் காயட்டும்.

பசையில்லாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். கை அழுத்தத்தில் கழுந்து உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. விழுந்தால் வெள்ளைப் பசையால் பயனில்லை. அது இடைவெளியை நிரப்பாது. மரத்தூளைக் குழைத்து அடைப்பதும் வீண், அது பளுவைத் தாங்காது. இழைப்புளியில் சீவிய மெல்லிய மரச்சுருளைக் கழுந்தின் இரு பக்கமும், மர ரேகை கழுந்தின் நீளத்தோடு ஓடும்படி ஒட்டி, காய்ந்தபின் அளவுக்குச் சீவுங்கள். துளை கோணல்மாணலாகச் சிதைந்திருந்தால் மட்டும், இரண்டு பொருளைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசை. அடுத்த முறை கழற்றுவது பெரும்பாடு என்பதால் அது கடைசி வழி.

வெள்ளைப் பசை சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். ஆகவே முன்கால் ஜோடி, பின்கால் ஜோடி, பிறகு பக்கச் சட்டங்கள் என்று பிரித்து ஒட்டுங்கள். துளையின் சுவரிலும் கழுந்திலும் மெல்லிய பூச்சு போதும். துளையின் அடியில் 2 மி.மீ. இடம் இருக்க வேண்டும். இல்லாமல் பசை நிரம்பிவிட்டால், அழுத்தும்போது போக வழியின்றிக் காலையே பிளக்கும்.

இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையா? நான்கு கால்களையும் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்று கட்டி, நடுவே குச்சி செருகி முறுக்குங்கள். கயிறு அழுத்தும் முனைகளில் துணி வையுங்கள். பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, கால்களின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தித் திருத்த இந்தச் சில நிமிடங்கள்தான் உண்டு. முறுக்கை மறுநாள் அவிழ்க்கலாம்; அதுவரை யாரும் உட்கார வேண்டாம்.