ஸ்கானில் உதடு சரி என்றால் அண்ணமும் சரியா?

கர்ப்பத்தின் 20 வார ஸ்கான் அறிக்கையில் "மேலுதடு இயல்பு" என்று ஒரு வரி இருக்கும், அதாவது உதட்டில் பிளவு இல்லை. அதை வாசித்துவிட்டு வாய்க்குள்ளும் எல்லாம் சரி என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. உதடு வெளியே இருப்பது, பார்க்கலாம். வாயின் மேற்கூரையான அண்ணத்தின்மேல் மேல்தாடை எலும்பின் நிழல் விழுகிறது, நாக்கும் அதோடு ஒட்டிக் கிடக்கிறது. உதடு முழுதாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், கைதேர்ந்தவர்களின் கண்ணுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும்.

பக்கவாட்டு முகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்புவதும் பிழை. ஒருபக்கப் பிளவு இருந்தாலும் அந்தத் தோற்றத்தில் முகம் அழகாகத்தான் தெரியும். மூக்கு நுனி, இரண்டு மூக்குத்துவாரம், மேலுதடு எல்லாம் ஒரே படத்தில் வரும்படி முகத்தை முன்னாலிருந்து வெட்டிப் பார்க்க வேண்டும். பிளவு இருந்தால் உதட்டிலிருந்து மூக்குத்துவாரம் நோக்கி ஒரு கறுப்புக் கோடு ஏறும், கூடுதலாக இடப்பக்கத்தில். கண்டதும் அங்கேயே நின்றுவிடக்கூடாது. அடுத்தது, மேல் ஈறின் வளைவைக் குறுக்குவாட்டில் பார்ப்பது. பல்முளைகள் வரிசையாக நிற்கும் அந்த வளைவு எங்காவது அறுந்திருந்தால் பிளவு ஈறுவரை போயிருக்கிறது. அப்போது அண்ணத்தையும் சந்தேகிக்க வேண்டும். மூளை, இதயம், கைகால்களை மறுபடி பார்ப்பதும் அவசியம். வேறு குறையும் சேர்ந்திருந்தால், அல்லது பிளவு நட்டநடுவில் இருந்தால், நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறுக்கான வாய்ப்புக் கூடும். பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டி வரும்.

இல்லாத பிளவு தெரிவதும் உண்டு. தொப்புள்கொடி உதட்டின் குறுக்கே கிடந்தால் வெட்டுப்போலத் தோன்றும். கலர் டொப்ளர் போட்டால் இரத்தம் ஓடுவது தெரிந்துவிடும். முப்பரிமாணப் படத்தில் நிழல் விழுந்த இடம் ஓட்டையாகத் தெரியலாம், மெருகூட்டும் அமைப்பைக் கூட்டினால் உண்மைப் பிளவு மூடியும் போகலாம். சாதாரண இருபரிமாணப் படத்தில் உறுதி செய்யாமல் எதையும் நம்பக்கூடாது. கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ 28ஆம் வாரத்தில் எடுக்கும் வடிவான முகப்படம் அல்பத்துக்கு நல்லது. 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் ஸ்கானுக்கு அது ஈடாகாது.

பிள்ளை முகத்தைத் தாயின் முதுகுப்பக்கம் திருப்பியிருந்தால், அல்லது கையால் மூடியிருந்தால் 15, 20 நிமிடம் நடந்துவிட்டு, சரிந்து படுத்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் தெரியாவிட்டால் அறிக்கையில் "முகம் தெரியவில்லை" என்றே எழுதி, ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்ல வேண்டும். "தெரியவில்லை" என்பதற்கு "இயல்பு" என்று பொருள் கொள்ளாதீர்கள்.

கிரகணத்தில் வெளியே போனதால் பிளவு வந்தது என்று தாயைக் குறைசொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருத்தரித்து 7ஆம் வாரமளவில் உதடும், 12ஆம் வாரமளவில் அண்ணமும் பொருந்தி முடிந்துவிடும். ஐந்தாம் மாதத்துக் கிரகணம் அதை எப்படிப் பிளக்கும்? பிளவுக்கான வாய்ப்பை உண்மையில் கூட்டக்கூடியவற்றில் ஒன்று வல்புரோயேட் என்ற மருந்து; வலிப்புக்கு அதை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்கான் எப்படி இருந்தாலும், பிறந்த பிள்ளையின் வாயை விரலால் தடவிப் பார்ப்பது மட்டும் போதாது. டோர்ச் அடித்து, நாக்கை அழுத்தி, உள்நாக்குவரை கண்ணால் பார்த்தார்களா என்று வார்ட்டிலேயே கேளுங்கள். பால் மூக்கால் வந்தால், அல்லது நெடுநேரம் உறிஞ்சியும் எடை ஏறாவிட்டால், மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.